வட்டம் ஏன் முட்டையாகிறது? மலிவு டிராயிங் டெப்லட்டுக்குக் கையைப் பழக்குவது

கேள்வி சுருக்கமாக இது. கொட்டகலையில் உயர்தரத்துக்குச் சித்திரம் படிக்கும் ஒரு தங்கச்சி, 6க்கு 4 அங்குலத்தில், திரை இல்லாத மலிவான டிராயிங் டெப்லட் ஒன்று வாங்கியிருக்கிறார்; அதன் மேல் பேனாவை ஓட்டினால் கோடு லெப்டொப் திரையில் விழும். லெப்டொப் பழசு: 15.6 அங்குலத் திரை, 4 ஜிபி ரேம், வின்டோஸ் 10. வரைவது கிரிட்டா என்ற வரைதல் மென்பொருளில். தாளில் நன்றாக ஓடுகிற கை இதில் நடுங்குகிறது, வட்டம் முட்டையாகிறது, அழுத்தினாலும் கோடு தடிக்கவில்லை, சில நேரம் அம்புக்குறி தானாகவே துடிக்கிறது. இதை விற்றுவிட்டுத் திரை உள்ளதை வாங்கக் காசு சேர்க்கலாமா என்று கேட்கிறார்.

விற்க வேண்டாம், தங்கச்சி. நீங்கள் சொன்ன நான்கில் மூன்று உங்கள் கையின் குறையே இல்லை. முட்டை வட்டமும், தடிக்காத கோடும், துடிக்கும் அம்புக்குறியும் செட்டிங்காலும் கரண்டாலும் வருகிறவை; ஒரு பின்னேரம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். நடுக்கம் மட்டும்தான் கைக்குரியது, அதிலும் பாதிதான். முதலில் கருவியைத் திருத்துங்கள், பிறகு கையைப் பழக்குங்கள். மாற்றிச் செய்தால் கோணல் கருவிக்குக் கை பழகிவிடும். பின்னால் செட்டிங்கைத் திருத்தும்போது பழகியதையெல்லாம் மறக்க வேண்டிவரும்.

டிரைவரிலிருந்து, அதாவது டெப்லட்டை லெப்டொப்புக்குப் புரியவைக்கும் மென்பொருளிலிருந்து, தொடங்குங்கள். டெப்லட்டைச் செருகியதும் அம்புக்குறி நகர்ந்தால் எல்லாம் சரி என்று பலர் விட்டுவிடுகிறார்கள். டிரைவர் இல்லாமலே வின்டோஸ் அதை ஒரு மவுஸ் போல ஓட்டும். அழுத்தம் தெரியத்தான் டிரைவர் வேண்டும். அந்த லெப்டொப்பில் வேறு கம்பனி டெப்லட்டின் டிரைவர் முன்பு போட்டிருந்தால் அதை நீக்கி ரீஸ்டார்ட் பண்ணுங்கள். இரண்டு டிரைவர்கள் ஒன்றாக இருந்தால் அழுத்தம் காணாமல் போவது சர்வசாதாரணம். பிறகு டெப்லட்டின் பின்பக்கத்தில் உள்ள மொடல் இலக்கத்தைப் பார்த்து, கம்பனியின் சொந்தத் தளத்திலிருந்தே டிரைவரை இறக்குங்கள். ஹுயியொன், எக்ஸ்பி-பென், காவொமன், வாகொம் எல்லாமே அதை இலவசமாகத் தருகின்றன. நிறுவி, ரீஸ்டார்ட் பண்ணி, அதன் பின் கேபிளைச் செருகுங்கள்.

டிரைவரைத் திறந்தால் பேனா அழுத்தத்தைச் சோதிக்க ஒரு கட்டம் இருக்கும். அதில் மெதுவாகவும் அழுத்தியும் கிறுக்கிப் பாருங்கள். அங்கே அளவு ஏறி இறங்கினால் பேனாவும் டிரைவரும் சரி, குறை கிரிட்டாவில் இருக்கிறது. அங்கேயே ஏறாவிட்டால் பேனாவின் நுனியில் செருகியிருக்கும் நிப் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள், டிரைவரை மறுபடி நிறுவுங்கள்.

கிரிட்டாவில் செட்டிங்ஸ், கொன்பிகர் கிரிட்டா, டெப்லட் செட்டிங்ஸ் என்று போனால், பேனாவின் அழுத்தத்தைக் கிரிட்டா எந்த வழியாக வாங்குவது என்பதற்கு இரண்டு தெரிவுகள் இருக்கும்: ஒன்று வின்டேப், மற்றது வின்டோஸ் 8+ பொயின்டர் இன்புட். டிரைவரில் 'வின்டோஸ் இங்க்' என்ற இடத்தில் டிக் போட்டிருந்தால் இரண்டாவதைத் தெரிவுசெய்யுங்கள். டிக் இல்லாவிட்டால் வின்டேப். இரண்டும் ஒத்துப்போகாததுதான் உங்கள் கோடு தடிக்காததற்குக் காரணமாக இருக்கும். மாற்றிய பின் கிரிட்டாவை மூடித் திறக்க மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் மாற்றம் பிடிக்காது. சோதிக்கும்போது 'பேசிக்-5 சைஸ்' பிரஷை எடுங்கள். எல்லாப் பிரஷும் அழுத்தத்துக்குத் தடிப்பதில்லை. சிலது நிறத்தின் அடர்த்தியை மட்டும் மாற்றும், சிலது எதையுமே மாற்றாது. தடிக்காத பிரஷை வைத்துக்கொண்டு டெப்லட்டைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

பேனாவை வைத்தவுடன் ஒரு சின்ன வளையம் தோன்றுகிறதா? கோட்டின் தொடக்கம் ஒரு கணம் ஒட்டிக்கொண்டு பிறகு பாய்கிறதா? அது வின்டோஸின் வேலை. பேனாவை அழுத்திப் பிடித்தால் ரைட் கிளிக் என்று அது எண்ணிக்கொள்கிறது. கொன்ட்ரோல் பெனலில் பென் அன்ட் டச் என்ற இடத்துக்குப் போய், பிரெஸ் அன்ட் ஹோல்ட் என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். பேனாவின் பக்கத்தில் உள்ள பொத்தான்களையும் இப்போதைக்குச் செயலிழக்கச் செய்யுங்கள். விரல் தற்செயலாகப் பட்டால் ரைட் கிளிக் ஆகி, கிரிட்டாவின் வட்டத் தட்டு நடுத்திரையில் வந்து நிற்கும்.

இனி முட்டைக்கு வருவோம். உங்கள் டெப்லட் 6க்கு 4, அதாவது 3க்கு 2 விகிதம். லெப்டொப் திரை 16க்கு 9. டிரைவர் முழு டெப்லட்டையும் முழுத் திரைக்கும் இழுத்துப் பொருத்துவதால், கிடையாக இழுபடுவது நெடுக்காக இழுபடுவதைவிட 18 சதவீதத்துக்குச் சற்று அதிகம். கை சரியான வட்டம் போட்டாலும் திரையில் அது அகன்றுதான் விழும். டிரைவரில் 'ஒர்க் ஏரியா' என்ற பக்கத்தில் திரையின் விகிதத்துக்குப் பொருத்தும் ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தினால் போதும். பொத்தான் இல்லாத டிரைவராக இருந்தால் கையால் கணக்குப் போடுங்கள். அகலம் 6 அங்குலத்தை 16ஆல் வகுத்து 9ஆல் பெருக்கினால் 3.375. ஆகவே உயரத்தை 4 இலிருந்து 3.375க்குக் குறையுங்கள். கீழே 16 மில்லிமீற்றர் வேலை செய்யாத கீற்றாகப் போகும். போகட்டும், உள்ளங்கை வைக்க அது வசதியான இடம். 10க்கு 6.25 அங்குல டெப்லட் உள்ளவர்களுக்கும் இதே கோளாறு உண்டு, அங்கே 11 சதவீதம்தான் என்பதால் பலர் கவனிப்பதில்லை. 'நான் வரைகிற முகமெல்லாம் ஏனோ பருத்து வருகிறது' என்று மட்டும் சொல்வார்கள்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் போத்தல் மூடியை டெப்லட் மேல் வைத்துச் சுற்றிக் கோடு போடுங்கள். திரையில் வந்த வட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் அடிமட்டத்தால் அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

டெப்லட்டை எங்கே வைக்கிறீர்கள் என்பது நீங்கள் நினைப்பதைவிட முக்கியம். கொப்பியைச் சாய்த்து வைத்து எழுதும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. டெப்லட்டை அப்படிச் சாய்த்தால் திரையில் எல்லாமே சாய்ந்து வரும், ஏனென்றால் கண் பார்க்கிற திரை சாயவில்லை. லெப்டொப்பைப் பின்னால் தள்ளி, அதற்கும் உங்களுக்கும் நடுவில், திரையின் மையமும் டெப்லட்டின் மையமும் ஒரே நேரில் வரும்படி வையுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இடமிருந்து வலமாக ஒரு நீளக் கோடு இழுங்கள். கண்ணைத் திறந்து பாருங்கள். கோடு மேலே ஏறியிருந்தால், ஏறிய அளவுக்கு டெப்லட்டை இடஞ்சுழியாக, அதாவது கடிகார முள் போகும் பக்கத்துக்கு எதிராக, மெல்லத் திருப்புங்கள்; இறங்கியிருந்தால் மறுபக்கம். நான்கைந்து தரம் செய்தால் உங்கள் முழங்கைக்கு ஏற்ற இடம் கிடைக்கும். அந்த இடத்தில் மேசையில் டெப்லட்டின் இரண்டு மூலைகளுக்கும் செலோடேப் துண்டு ஒட்டி அடையாளம் வையுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரே இடம். இதைத் தினமும் மாற்றி மாற்றி வைத்துவிட்டு மாதக்கணக்கில் கை பழகவில்லை என்று சலிப்பது வீண்.

கதிரை தாழ்வாக இருந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு மட்டும் வேலை செய்யும். முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி ஒரு தலையணையைப் போட்டு உட்காருங்கள்.

நடுக்கத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 15.6 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 13.6 அங்குலம். உங்கள் 6 அங்குல டெப்லட் அதற்கு நீட்டப்படுவதால், கையில் 1 சென்ரிமீற்றர் அசைவு திரையில் 2.27 சென்ரிமீற்றர் ஆகிறது. தாளில் கண்ணுக்கே தெரியாத நடுக்கம் இங்கே இரண்டு மடங்குக்கு மேல் பெருத்துத் தெரிகிறது. கை கெட்டுப்போகவில்லை, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்திருக்கிறீர்கள். ஆகவே முழுப் படத்தையும் திரைக்குள் அடக்கி வைத்துக்கொண்டு கோடு போட வேண்டாம். பெருப்பித்து, போட வேண்டிய பகுதி திரையை நிறைக்கும்படி வைத்து வரையுங்கள். படம் பழைய அளவுக்கு வரும்போது நடுக்கமும் சுருங்கிவிடும். கிரிட்டாவில் 4, 6 என்ற இலக்கங்களை அழுத்தினால் தாள் இடமும் வலமும் திரும்பும், 5 அழுத்தினால் நேராகும். டெப்லட்டைத் திருப்பக் கூடாது, தாளைத் திருப்பலாம்.

மெதுவாக இழுக்கிற கோடுதான் அதிகம் நடுங்கும். பேனாவை மேற்பரப்புக்கு 3, 4 மில்லிமீற்றர் மேலே பிடித்து, போகவேண்டிய பாதையில் இரண்டு தரம் காற்றிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாம் தரம் இறக்கி ஒரே வீச்சில் இழுங்கள். இந்தப் பேனாக்களை டெப்லட் சுமார் 10 மில்லிமீற்றர் உயரம்வரைதான் உணரும். புதியவர்கள் கோட்டுக்குக் கோடு பேனாவை உயரத் தூக்கிவிடுவதால் அம்புக்குறியைத் தொலைத்துவிட்டு, திரையில் தேடிக்கொண்டிருப்பார்கள். தாழப் பறக்கப் பழகினால் பாதிச் சிரமம் தீரும்.

பயிற்சிக்குப் பெட்டி, உருளை என்று அன்னிய உருவங்களில் தொடங்குவதைவிடத் தமிழ் எழுத்துகளில் தொடங்குவது மேல். முதலாம் வகுப்பிலிருந்து கைக்குத் தெரிந்த வடிவங்கள் என்பதால், பிசகினால் அது வரையத் தெரியாத பிசகு இல்லை என்பது நிச்சயம். எங்கே பிசகுகிறது என்பதும் உடனே தெரியும். திரையில் நான்கு விரல் உயரத்துக்கு ட, ப, ம மூன்றையும் ஒரு வரி நிறைய எழுதுங்கள். ப எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் டெப்லட் இன்னும் கோணலாக இருக்கிறது. எல்லாம் பரந்து தெரிந்தால் விகிதம் பொருந்தவில்லை. ஒன்று இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் என்று சாய்ந்தால்தான் அது கையின் குறை, அதற்குப் பழக்கம் மட்டுமே மருந்து. ப-வின் மூன்றாவது கோடு மேலே ஏறி முடியும்போது முதல் கோட்டின் உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். கண்ணும் கையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அந்த ஒரு முனை சொல்லிவிடும். அதன் பின் இ, ஐ, ஞ, ழ. ஐ-யின் சுழியில் கோடு தட்டையாகி மூலை விழுந்தால் விரலால் வளைக்கிறீர்கள் என்று அர்த்தம். மணிக்கட்டையும் முழங்கையையும் சேர்த்து ஓட்டுங்கள்.

அடுத்தது புள்ளிகள். திரையில் இருபது புள்ளிகளை அங்குமிங்கும் வையுங்கள். ஒரு புள்ளிக்கு மேல் பேனாவைக் கொண்டுபோய், கண்ணை அடுத்த புள்ளிக்கு மாற்றிவிட்டு, கோட்டை இழுங்கள். கையைப் பார்க்கக் கூடாது, நகரும் அம்புக்குறியையும் பார்க்கக் கூடாது, போய்ச்சேர வேண்டிய இடத்தை மட்டும் பாருங்கள். முதலில் கோடு புள்ளியைத் தாண்டும், அல்லது முன்னாலேயே நிற்கும். நாளாக நாளாக அந்த இடைவெளி குறைவதுதான் கை பழகுவதன் அளவு.

மூன்றாவதுக்கு ஜன்னலைத் திறந்தால் போதும். மலையைச் சுற்றிக்கொண்டு போகும் தேயிலை நிரைகளும் அவற்றுக்கிடையே ஓடும் கான்களும் நீண்ட வளைகோடுகள். ஒவ்வொன்றையும் தோளிலிருந்து, திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, இடையில் பேனாவைத் தூக்காமல் போடுங்கள். ஒரு நிரைக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி கிட்டத்தில் அகலமாகவும் தூரத்தில் நெருக்கமாகவும் வரவேண்டும். கொஞ்சம் கை வந்த பின் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தை எடுங்கள். ஒரே வளைவை ஒன்பது தரம் போட வேண்டும், பாலமே வளைந்து போவதால் ஒவ்வொன்றின் அகலமும் மாறும். இதைவிடக் கறாரான பயிற்சிப் படம் கிடைக்காது.

ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும், ஆனால் தினமும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் உட்கார்வது வலியைத்தான் தரும். வரையாத நேரத்திலும் மவுஸை ஒதுக்கிவிட்டு, பைல் திறப்பது, யூடியூப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் பேனாவையே பாவியுங்கள். இப்படிச் செய்தால் இரண்டு, மூன்று வாரங்களில் அம்புக்குறியைத் தேடுவது நின்றுவிடும்.

வரைந்து பழகிய தாள் படத்தை உள்ளே கொண்டுவருவதும் நல்ல வழி. பென்சில் படத்தைப் போனில் படமெடுத்து, கிரிட்டாவில் ஒரு லேயராக (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் போன்றது) வைத்து, அதன் ஒபாசிட்டியை 30 சதவீதத்துக்குக் குறைத்து மங்கலாக்கி, மேலே புது லேயரில் கோடு போடுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தாளையே டெப்லட் மேல் ஒட்டி, அதன் மேலேயே பேனாவை ஓட்டுங்கள். இந்தப் பேனா மின்காந்த முறையில் இயங்குவதால் ஒரு தாள் இடையில் இருப்பது அதற்குத் தடையில்லை. மேற்பரப்பு வழுக்குகிறது என்பவர்களுக்கும் வெறும் ஏ4 தாள் ஒன்றை ஒட்டிவைப்பது கைகொடுக்கும். நிப் மட்டும் கெதியாகத் தேயும்.

கோட்டை மென்மையாக்கும் வசதி கிரிட்டாவில் உண்டு. பயிற்சி செய்யும்போது 'பேசிக்' இலேயே விடுங்கள், குறை தெரியட்டும். படம் முடிக்கும்போது 'வெயிட்டட்' போட்டு, டிஸ்டன்ஸை 20 அளவில் வையுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபட்டு வரும், சின்ன வளைவுகள் மழுங்கும்.

அழுத்தத்தின் வளைகோட்டையும் ஒருதரம் பாருங்கள். கொப்பியில் சாதாரணமாக எழுதுகிற அழுத்தத்தில் டிரைவரின் அளவுகோல் பாதிக்குக் கிட்ட நிற்க வேண்டும். அதைவிடக் குறைவாக நின்றால் வளைகோட்டின் நடுவை மேலே தூக்குங்கள். உடனே உச்சத்துக்குப் போனால் கீழே இறக்குங்கள். பெட்டியில் 8192 என்றும் 2048 என்றும் அச்சடித்திருக்கும் அழுத்த அளவுகளை வைத்துக் கவலைப்பட வேண்டாம், அந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது. குளிருக்கும் இதில் பங்குண்டு. மார்கழி, தை விடியலில் விரல் விறைத்திருக்கும்போது பேனாவை இறுக்கிப் பிடிப்போம், எல்லாக் கோடும் தடித்து வரும். விரல் நுனியை வெட்டிய பழைய கையுறையும் ஒரு பிளேன்டியும் உதவும். பிளேன்டியை வேறு மேசையில் வையுங்கள்.

அம்புக்குறி துடிப்பது எனக்குக் கரண்ட் விஷயமாகத்தான் படுகிறது. பேனாவை அசைக்காமல் பிடித்துக்கொண்டு லெப்டொப் சார்ஜரைக் கழற்றுங்கள். துடிப்பு நின்றால் எர்த் இல்லை என்று அர்த்தம். லயன் வீடுகளிலும் பழைய குவார்ட்டர்ஸ்களிலும் உருண்டைப் பின் பொயின்ட்தான் இருக்கும். அதில் சார்ஜரின் சதுரப் பின்னை ஏதாவது அடப்டரில் செருகும்போது எர்த் பின் எங்கும் தொடாமல் போகிறது, அல்லது வயரிங்கிலேயே எர்த் கிடையாது. லெப்டொப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுள்ளென்று லேசாக உறைப்பதும் இதனால்தான். மூன்று பின்னும் சரியாகப் பொருந்தும் நல்ல அடப்டர் வாங்குங்கள், எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீசியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை பட்டரியில் வரையுங்கள். சார்ஜரைக் கழற்றியும் துடிப்பு நிற்காவிட்டால் பக்கத்தில் இருக்கும் போன், ஸ்பீக்கர், டெப்லட்டுக்கு அடியில் உள்ள இரும்பு மேசை இவற்றைச் சந்தேகியுங்கள். லெப்டொப்பின் மேலேயே டெப்லட்டை வைத்து வரைய வேண்டாம். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடிமழை தொடங்கினால் சார்ஜரையும் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள்.

4 ஜிபி ரேமுக்கு அளவோடு வேலை கொடுங்கள். ஏ4 தாளை 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் 2480க்கு 3508 பிக்சல். நிறம் நிறைந்த ஒரு லேயருக்கே ஏறத்தாழ 35 எம்பி போகும். பத்து லேயர் போட்டு, பின்னால் குரோமும் திறந்திருந்தால், கோடு பேனாவுக்குப் பின்னால் வரத்தான் செய்யும். அதைக் கையின் மந்தம் என்று நினைத்துவிடுகிறோம். பயிற்சிக்கு 150 டிபிஐ, 1240க்கு 1754 போதும். ரேம் கால்வாசிதான் செலவாகும். பெரிய பிரஷ் இழுபட்டால் ஷிப்ட் எல் அழுத்தி இன்ஸ்டன்ட் பிரிவியூவை இயக்குங்கள். அப்படியும் திணறினால் மெடிபாங் அல்லது பயர்அல்பகா பாவித்துப் பாருங்கள், இரண்டும் கிரிட்டாவைவிட இலகுவாக ஓடும்.

லெப்டொப் இல்லாமல் போனில் மட்டும் வரைய நினைப்பவர்கள், டெப்லட் அன்ட்ரொயிட்டுக்கு ஒத்துவருமா என்று வாங்குமுன் பெட்டியைப் பாருங்கள். டெப்லட்டின் கேபிளைப் போனில் செருக ஓடிஜி இணைப்பான் ஒன்று வேண்டும். சில போன்களில் ஓடிஜியைச் செட்டிங்கில் இயக்க வேண்டும், பாவிக்காமல் கொஞ்ச நேரம் விட்டால் தானாக அணைந்தும் விடும். டெப்லட் செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். போனை நெட்டாகப் பிடித்தால் பல மொடல்களில் டெப்லட்டின் ஒரு பகுதி மட்டுமே வேலை செய்யும். இபிஸ்பெயின்ட் போன்ற அப்களில் அது போதுமானது, நுணுக்கமான வேலைக்குப் போதாது.

பராமரிப்பில் இரண்டு இடம் மட்டும் கவனம். ஒன்று கேபிள் செருகும் வாய். மலிவு டெப்லட்டுகளில் முதலில் பழுதாவது அதுதான். கேபிளை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மேசையோடு டேப் போட்டு ஒட்டினால், இழுபட்டாலும் வாய் தளராது. மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் மழை விடாமல் பெய்யும் மாதங்களில் ஈரமான துணி உறையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் பக்கெட் ஒன்றோடு பிளாஸ்டிக் பையில் வையுங்கள். அடுப்படியில் காயவைக்க வேண்டாம், மேற்படலம் நெளிந்துவிடும்.

மற்றது நிப். நுனியை நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, உளி போல விளிம்பு பட்டால் அன்றே மாற்றுங்கள், அந்த விளிம்புதான் மேற்பரப்பைக் கீறும். பெட்டியில் வந்த சின்ன வளையத்துக்குள் நிப்பை நுழைத்து, பேனாவைச் சற்றுச் சாய்த்து நேராக இழுத்தால் கழன்றுவரும். புதியதை முட்டும்வரை தள்ளிவிட்டு, டிரைவரின் சோதனைக் கட்டத்தில் அழுத்தம் ஏறி இறங்குகிறதா என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.